மூன்றாம் தளத்து ஜவ்வரிசி உப்புமா

"மூன்றாம் தளத் தீத்தடுப்புப் பொறுப்பாளர்: தளத்தில் அடுப்பு, ஹீட்டர், மெழுகுவர்த்தி, ஊதுவத்தி முதலிய வெப்பம் உண்டாக்கும் பொருள் எதுவும் இல்லை என்பதை இவர் மாதந்தோறும் நேரில் சோதித்துக் கையொப்பமிட்டு உறுதி செய்வார். அத்தகைய பொருள் காணப்பட்டால் உடனடியாகப் பறிமுதல் செய்வார்."

காப்பீட்டு அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில், கண்ணாடிக்குப் பின்னால், மஞ்சளாகிப் போன தாளில் இப்படி எழுதியிருக்கிறது. அந்தப் பொறுப்பில் ஒன்பது வருடமாக இருக்கும் பெண்மணியைத் தளத்தில் எல்லோரும் ஃபயர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மாதம் தவறாமல் சோதிப்பார். மேசைக்கு அடியில் குனிந்து பார்ப்பார். மாட்டியிருக்கும் சிவப்பு உருளைகளின் தூசியைக்கூடத் துடைப்பார். கையெழுத்தும் போடுவார். போட்டுவிட்டு, ஏகாதசியாக இருந்தால், பழைய ஜெராக்ஸ் அறைக்குப் போய், காலாவதியான படிவங்கள் வைத்த இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்து, தன் அடுப்பை வெளியே எடுப்பார்.

இண்டக்‌ஷன் அடுப்பு. அவருடைய கணவர் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். யாரோ பழுது பார்க்கக் கொடுத்துவிட்டு, திரும்ப வாங்க வராமலேயே போனது அது. மனசாட்சி எப்போதாவது உறுத்தினால் ஃபயர் அக்காவிடம் அதற்கு ஒரு பதில் தயாராக இருந்தது. தீத்தடுப்பு என்பது தீயைத் தடுப்பது; இந்த அடுப்பில் தீயே கிடையாது; ஆகவே தடுக்க ஒன்றுமில்லை. அறிவிப்பில் 'அடுப்பு' என்றே எழுதியிருப்பதை யாரும் அவருக்கு நினைவூட்டவில்லை. நினைவூட்ட வேண்டிய சூப்பிரண்டு சாரே தட்டோடு வரிசையில் நிற்கிறவர்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஃபயர் அக்கா விரதம் இருப்பவர் அல்லர். சாமிக்கும் சாப்பாட்டுக்கும் என்ன பகை என்று கேட்கிற கட்சி. ஏகாதசியன்று மற்றவர்கள் தண்ணீர் குடித்து நாளைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது, பதினொரு மணிக்கே தன் சோற்று டப்பாவைத் திறந்து ஊறுகாயோடு முடித்துவிடுவார். வீட்டில் அவரை அடுப்படிக்குள் விடுவதில்லை. சமையல் கணவரும் நாத்தனாரும். காரணம், அவர் எந்தக் குறிப்பையும் சொன்னபடி செய்யமாட்டார். ஏன் அப்படி, மாற்றிச் செய்தால் என்ன ஆகும் என்று பார்ப்பார். பார்த்ததை மற்றவர்கள் சாப்பிட வேண்டியிருந்தது.

ஆக, சமைக்கத் தெரியாதவர் என்று வீட்டில் பெயர் வாங்கியவர், விரதத்தில் நம்பிக்கை இல்லாதவர், அடுப்பே கூடாதென்று கையெழுத்துப் போட்டவர்: இந்த மூன்று பேரும் ஒருவராகச் சேர்ந்துதான் அந்தத் தளத்தின் விரதச் சமையலை நடத்திவந்தார்கள்.

ஆரம்பித்தது ஓர் அழிரப்பரில்.

அந்தத் தளத்தில் ஏகாதசி இருப்பவர்கள் ஏழு பேர். மாதம் இரண்டு முறை, அரிசி, கோதுமை, பருப்பு என்று தானிய வகை எதையும் தொடாமல் இருப்பவர்கள். வீட்டிலிருந்து ஜவ்வரிசி உப்புமா கட்டிக்கொண்டு வருவார்கள். விடியற்காலையில் செய்தது, மதியத்துக்குள் ஆறி இறுகி, டப்பாவைக் கவிழ்த்தால் டப்பாவின் வடிவத்திலேயே வெளியே வரும். தபால் பிரிவில் இருக்கும் அம்மா, அனுப்பும் கடிதங்களுக்கு எடை பார்த்து அஞ்சல் வில்லை ஒட்டுபவர், ஒரு நாள் அப்படிக் கவிழ்த்ததைக் கரண்டியால் வெட்டிக்கொண்டிருந்தார். ஃபயர் அக்கா அருகே போய் விரலால் அழுத்திப் பார்த்தார். அழுத்தினால் உள்ளே போய், எடுத்தால் திரும்ப வந்தது.

"அக்கா, இது சாப்பிடறதா, பென்சில் அழிக்கறதா?"

"விரதத்துக்கு ருசி எதுக்கு?" என்றார் தபாலம்மா.

"ருசியை விடுங்க. இது ஏன் இப்படி ஒட்டிக்குது?"

ஃபயர் அக்காவுக்கு வேண்டியிருந்தது அதுதான். பக்தியும் இல்லை, பரோபகாரமும் இல்லை. ஏன் ஒட்டுகிறது என்பது. அடுத்த நாலு ஏகாதசிகள் அவர் நடத்திய ஆராய்ச்சிகளை ஏழு பேரும் பொறுமையாக விழுங்கினார்கள். முதல் முறை வாங்கியது நைலான் ஜவ்வரிசி. கண்ணாடி மணி மாதிரி பளபளவென்று இருந்ததால் உயர்ந்தது என்று நினைத்தார். எவ்வளவு ஊறியும் நடுவில் ஒரு சரளைக் கல்லை விட்டுக்கொடுக்க மறுத்தது. இரண்டாம் முறை வெள்ளையான மாவு ஜவ்வரிசி. குளிக்குமளவு தண்ணீர் ஊற்றியதில் கரைந்து பசையானது. தபாலம்மா அதைச் சாப்பிட்டுவிட்டு, மிச்சத்தை உறை ஒட்ட வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். மூன்றாவது முறை பதம் சரி, மூடி போட்டதில் ஆவி இறங்கி எல்லாம் கட்டி.

நாலாவது முறை விடை கிடைத்தது. வெள்ளைத் தண்ணீர் தெளியும்வரை கழுவ வேண்டும். பிறகு மூழ்கியும் மூழ்காமலும் இருக்கிற அளவு தண்ணீர், அதற்கு மேல் ஒரு சொட்டுக் கூடாது. காலை ஏழு மணிக்கு ஊற்றினால், பேருந்தில் ஊறி, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது பாதியாகி, பன்னிரண்டரைக்குக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நசுக்கினால் எதிர்ப்பில்லாமல் மாவாகும். அதை வடித்து, துணியில் பரப்பி, வறுத்துப் பொடித்த வேர்க்கடலையைப் புரட்ட வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் ஒரு சட்டை போட்ட மாதிரி. சட்டை போட்டவை ஒட்டுவதில்லை. நெய்யில் சீரகம், பச்சை மிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை, வெந்த உருளைக்கிழங்கு. கடைசியில் ஜவ்வரிசி. மணிகள் வெள்ளையிலிருந்து கண்ணாடியாக மாறும் அந்த அரை நிமிடத்தில் நிறுத்திவிட வேண்டும். அதற்கு முன்னால் நிறுத்தினால் மாவு வாசனை. பின்னால் நிறுத்தினால் அழிரப்பர்.

பதத்தைவிடப் பெரிய தொல்லை சாஸ்திரம். ஏழு பேருக்கும் ஏழு சாஸ்திரம் இருந்தது. ஒருவருக்குக் கடுகு ஆகாது. இன்னொருவருக்கு மஞ்சள் ஆகாது. ஒருவர் சாதா உப்பைத் தொடமாட்டார், இந்துப்புதான். ஒருவருக்குக் காபி விரதத்தைக் கெடுக்கும். சூப்பிரண்டு சாருக்குக் காபி இல்லாவிட்டால் விரதமே நிற்காது. வேர்க்கடலை பருப்பா, விதையா என்று ஒரு வாரம் வழக்கு நடந்தது. சூப்பிரண்டு சார்தான் தீர்ப்புச் சொன்னார்: மண்ணுக்கு அடியில் விளைவது கிழங்கு, கிழங்கு விரதத்துக்கு ஆகும், ஆகவே வேர்க்கடலை கிழங்கு. தாவரவியல் தெரிந்த யாரும் அன்று அலுவலகத்தில் இல்லை.

ஃபயர் அக்கா ஒவ்வொருவர் மேசைக்கும் போய் ஆகும், ஆகாது என்று கேட்டு எழுதினார். ஏன் என்றும் கேட்டார். ஏன் என்பதற்குப் பெரும்பாலும் பதில் இல்லை. எங்க வீட்டுல அப்படித்தான் என்பதுதான். அது அவருக்கு எரிச்சலூட்டுவதற்குப் பதிலாக மேலும் ஆர்வமூட்டியது. ஏழு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எல்லோருக்கும் ஆகிறதை மட்டும் எடுத்தார். அதில் சண்டை சச்சரவே இல்லாமல், யோசிக்காமல், ஏழு பேரும் ஒரே குரலில் ஆகும் என்று சொன்ன பொருள் ஒன்றே ஒன்று: பெருங்காயம். வெறும் வயிற்றில் உருளைக்கிழங்கும் வேர்க்கடலையும் போனால் என்ன நடக்கும் என்பதில் ஏழு சாஸ்திரமும் ஒத்துப்போனது.

விரதம் இருக்கிறவர் சமைக்கும்போது உப்புப் பார்க்க முடியாது. ஃபயர் அக்கா பார்ப்பார். விரதச் சமையலுக்கு விரதமில்லாதவரே தகுந்தவர் என்பது அவர் வாதம். ஆறேழு மாதத்தில் மற்ற தளங்களிலிருந்தெல்லாம், ஏகாதசியன்று மட்டும், சந்தேகம் கேட்கிற சாக்கில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

மற்ற ஆறு பேருக்கும் ஏகாதசி ஒரு வழக்கம். தபாலம்மாவுக்கு அது வேண்டுதல். அவருடைய மகளுக்குத் திருமணமாகி ஆறு வருடம். இரண்டு முறை கரு உண்டாகி நிற்காமல் போனது. இரண்டாவது முறை மருத்துவமனையிலிருந்து மகளை அழைத்து வந்த மறுநாள், நாற்பத்தெட்டு ஏகாதசி, ஒரு பொட்டுத் தானியம் படாமல், இடையில் ஒன்றுகூட விடாமல் இருக்கிறேன் என்று தபாலம்மா வேண்டிக்கொண்டார். இரண்டு வருடம். ஒன்று கெட்டாலும் முதலிலிருந்து. இதை அவர் யாரிடமும் விவரமாகச் சொன்னதில்லை. எடை பார்க்கும் தராசுக்குப் பின்னால், நாட்காட்டித் தாளில் பென்சிலால் கோடு போட்டு வந்தார். அது என்ன கோடு என்று கேட்காமல் இருக்க ஃபயர் அக்காவால் முடியாது, கேட்டார், தெரிந்துகொண்டார். அதற்குப் பிறகு ஏகாதசியன்று அவர் விடுப்பு எடுத்ததில்லை. ஒரு முறை காய்ச்சலோடு வந்து கிளறிவிட்டு, அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நாற்பத்தைந்தாவது கோடு விழும்போது மகளுக்கு நாலு மாதம் முடிந்திருந்தது. இந்த முறை நின்றிருந்தது.

நாற்பத்தேழாவது ஏகாதசி. பெருங்காய டப்பா தீர்ந்துபோய், ஃபயர் அக்கா வரும் வழியில் புதியது வாங்கி வந்திருந்தார். அதே கம்பெனி, அதே மஞ்சள் டப்பா. சீரகம் வெடித்ததும் ஒரு சிட்டிகை போட்டார். ஜவ்வரிசியைக் கொட்டினார். மணிகள் கண்ணாடியாவதற்கு இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. சும்மா நிற்கத் தெரியாத கை டப்பாவை உருட்டியது. சும்மா இருக்கத் தெரியாத கண் படித்தது.

இங்கே அவருடைய உத்தியோகத்தைச் சொல்ல வேண்டும். இழப்பீடு கேட்டு வரும் மனுக்களைச் சரிபார்ப்பதுதான் அவர் வேலை. ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி அச்சடித்திருக்கும் நிபந்தனைகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, மனுக்காரர் எதை மறைத்தார், எதைச் சொல்லாமல் விட்டார் என்று கண்டுபிடிப்பது. பொடி எழுத்துப் படிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர். அந்த அம்மாள், இரண்டு வருடமாகத் தன் கையில் உருண்டுகொண்டிருந்த டப்பாவின் பின்பக்கத்தை ஒரு முறைகூடப் படித்ததில்லை.

சேர்க்கப்பட்ட பொருள்கள்: கோந்து, கோதுமை மாவு, பெருங்காயம், எண்ணெய்.

அவர் ஜெராக்ஸ் அறையிலிருந்து தன் மேசைக்குப் போய்ப் பூதக்கண்ணாடியை எடுத்து வந்து மறுபடி படித்தார். கண்ணாடி வழியாகப் பார்த்தபோது கோதுமை இன்னும் பெரிதாகத் தெரிந்தது. பெயரிலேயே அரிசியை வைத்துக்கொண்டு உள்ளே ஒரு மணி அரிசியும் இல்லாத பண்டத்தை நிரபராதி என்று நிரூபிக்க இரண்டு வருடம் பாடுபட்டிருக்கிறார். பெயரில் தானியமே இல்லாத பண்டம் பக்கத்தில் சாதுவாக உட்கார்ந்திருந்திருக்கிறது.

திரும்பி வாணலியைப் பார்த்தபோது மணிகள் கண்ணாடியாகி, அந்த அரை நிமிடமும் கடந்து, ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தன. நிறுத்தியிருக்கலாம். அவர் சூட்டைக் கூட்டினார். நன்றாகக் கருகும்வரை நின்று பார்த்துவிட்டு வெளியே வந்து, அடிப்பிடித்துவிட்டது, இன்றைக்கு இல்லை என்றார்.

தீத்தடுப்புப் பொறுப்பாளரே தீய வைத்துவிட்டார் என்று அந்தத் தளம் நாள் முழுக்கச் சிரித்தது. ஏழு பேரும் வாழைப்பழம் சாப்பிட்டார்கள். தபாலம்மா நாற்பத்தேழாவது கோட்டைப் போட்டார். அடுத்த ஏகாதசிக்குப் பதினைந்து நாள் இருந்தது.

அந்தப் பதினைந்து நாளில் ஃபயர் அக்கா பட்ட பாடு அவருக்கே புதிதாக இருந்தது. மாதம் ஒருமுறை அடுப்பில்லை என்று பொய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த பேருந்தில் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு போகிறவர் அவர். இப்போது ஒரு சிட்டிகை மாவு, அதுவும் அவர் நம்பாத ஒரு விரதத்தில், அவரைத் தூங்கவிடவில்லை. சொன்னால் தபாலம்மாவின் இரண்டு வருடமும் போச்சு. அதுகூடப் பரவாயில்லை. மகளுக்கு ஆறாவது மாதம். நாளை ஏதாவது ஒன்று, கடவுளே, ஆகிவிட்டால், அந்த அம்மாள் ஆயுசுக்கும் இந்த மஞ்சள் டப்பாவையே நினைத்துக்கொண்டிருப்பார். சொல்லாவிட்டால் ஒன்றுமில்லை. இன்னும் ஒரே ஒரு ஏகாதசி, நாற்பத்தெட்டாவது கோடு, எல்லோருக்கும் சந்தோஷம். ஃபயர் அக்காவைத் தவிர வேறு யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

காலைச் சாப்பாட்டின்போது கணவரிடம் சொன்னார். அவர் மென்று முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"ஊசி முனையளவு மாவுக்கு ஊரைக் கூட்டணுமா? வயித்துக்குள்ள போனது போனதுதான். பேசாம இரு."

"அவங்க நம்பிக்கை அது."

"உனக்குத்தான் நம்பிக்கை கிடையாதே. இல்லாதவளுக்கு எதுக்கு இவ்வளவு அக்கறை?"

 நல்ல கேள்வி என்று ஃபயர் அக்கா நினைத்துக்கொண்டார்.

பிறகு சூப்பிரண்டு சாரிடம், யாரோ ஒரு சொந்தக்காரருக்கு நேர்ந்த மாதிரி, ஜாடையாகக் கேட்டார். தெரியாமல் தானியம் உள்ளே போயிருந்தால் விரதம் கெடுமா? சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். தெரியாமல் சாப்பிட்டால் தோஷமில்லை, தெரிந்தால்தான் தோஷம், ஆகவே அந்தச் சொந்தக்காரரிடம் சொல்லாமல் இருப்பதே அவருக்குச் செய்யும் புண்ணியம் என்று விளக்கினார். விளக்கி முடித்த பிறகுதான், இப்படிக் கேட்கிறவர் எந்த வேலையைச் செய்கிறவர் என்பது அவருக்கு உறைத்தது. தன் தட்டையும் நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

"இதோ பாருங்கம்மா. நீங்க என்கிட்ட எதுவும் சொல்லலை. நான் எதுவும் கேக்கலை. கோப்பை மூடிடுங்க."

முப்பது வருட அனுபவம் பேசியது.

ஆனால் ஃபயர் அக்காவிடமும் அனுபவம் இருந்தது. மனுக்காரர் ஒரு விஷயத்தைத் தெரியாமல் சொல்லாமல் விட்டால் அது தவறல்ல என்று அவர் நூறு கோப்புகளில் எழுதியிருக்கிறார். தெரிந்த தேதிக்குப் பிறகும் சொல்லாமல் இருந்தால், அன்றிலிருந்து அது மறைத்தல் என்று இன்னொரு நூறு கோப்புகளில் எழுதி மனுவைத் தள்ளியிருக்கிறார். தன் தேதி அவருக்குத் தெரியும். நாற்பத்தேழாவது ஏகாதசி, பகல் பன்னிரண்டு நாற்பது.

ஒரு வழி மிச்சமிருந்தது. அளந்து பார்ப்பது. அளவு ஒன்றுமே இல்லை என்றால் சொல்வதற்கும் ஒன்றுமில்லை அல்லவா? அலுவலகத்தில் இருந்தது ஒரே ஒரு தராசு, தபால் தராசு. பதினோராவது நாள், மதிய இடைவேளையில், தபாலம்மா கை கழுவப் போன நேரம் பார்த்து, ஃபயர் அக்கா அங்கே போனார். ஒரு துண்டுத் தாளில் ஒரு சிட்டிகை பெருங்காயத்தை வைத்துத் தராசில் வைத்தார். முள் அசையவில்லை. இரண்டு சிட்டிகை. அசையவில்லை. அவருக்கு மூச்சு இலேசானது.

"அந்தத் தராசுல என்ன பாக்கற?"

தபாலம்மா ஈரக் கையோடு பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

ஃபயர் அக்காவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. முந்தைய நாள் வந்திருக்கும். அடுத்த நாளும் வந்திருக்கலாம். "பெருங்காயம் அக்கா. அதுல கோதுமை மாவு கலந்திருக்கான். டப்பாவுலயே போட்டிருக்கு. நான் பாக்கலை. எவ்வளவு இருக்கும்னு பாத்தேன். முள்ளே அசையலை."

தபாலம்மா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். தாளிலிருந்த பழுப்புத் தூளைப் பார்த்தார்.

"அஞ்சு கிராமுக்குக் கீழ இந்தத் தராசுக்குத் தெரியாது. ஒத்தைக் காகிதம் வெச்சாலும் அசையாது. அதுக்காகக் காகிதம் இல்லைன்னு ஆயிடுமா?"

"இல்லை."

"எப்ப தெரியும் உனக்கு?"

"போன ஏகாதசி அன்னிக்கு. கிளறும்போது."

"அதான் கருக விட்டியா?"

"ஆமா."

"நானும் நெனச்சேன். நீ கருக விடற ஆளில்லையே, வீட்டுல ஏதாவது பிரச்சினையோன்னு." அவர் டப்பாவை வாங்கி, தூரத்தில் வைத்து, கிட்டத்தில் வைத்துப் படிக்கப் பார்த்தார். எழுத்துப் பிடிபடவில்லை. ஃபயர் அக்கா பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தார். தபாலம்மா நிதானமாக, அனுப்ப வேண்டிய முகவரியைச் சரிபார்க்கிற மாதிரி, உதடு அசைய ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். டப்பாவை மூடி மேசையில் வைத்தார். பிறகு, சாப்பிடப் போகாமல், கட்டுக் கட்டாகக் காத்திருந்த கடிதங்களுக்கு வில்லை ஒட்ட ஆரம்பித்தார்.  அவர் நிமிரவில்லை. ஃபயர் அக்கா போய்விட்டார்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் தபாலம்மா பேசவில்லை. மூன்றாம் தளத்தில் இது கவனிக்கப்பட்டது. ஃபயர் அக்கா மற்ற ஐந்து பேரிடமும் போய்த் தானே விஷயத்தைச் சொன்னார். இருவர், இனிமேல் எதற்கு என்று விரதத்தையே விட்டார்கள். அவர்கள் காத்திருந்தது இப்படி ஒரு காரணத்துக்குத்தானோ என்று தோன்றியது. இரண்டு பேர், எங்கள் வீட்டில் பெருங்காயம் தானியமே இல்லை என்று சாஸ்திரத்தைத் திருத்திக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் முகம் வாடி, வெளியே சொல்லாதீர்கள், மாமியாருக்குத் தெரிந்தால் என்னைத்தான் சொல்வார் என்றார். சூப்பிரண்டு சாரிடம் சொல்லப் போனபோது அவர் தொலைபேசியில் இருந்தார். மணி அடித்ததாக யாருக்கும் நினைவில்லை.

ஏகாதசிக்கு முந்தைய நாள் தபாலம்மா தானாகவே ஃபயர் அக்காவின் மேசைக்கு வந்தார். கையில் துணிப்பை. உள்ளிருந்து ஒரு மஞ்சள் டப்பாவை எடுத்து வைத்தார். ஃபயர் அக்காவுடையது அல்ல. பாதி தீர்ந்து, மூடியில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய டப்பா.

"எங்க வீட்டுது. நீ சமைக்கறதுக்கு முன்னாடி நானே செஞ்சு கொண்டு வருவேனே, அழிரப்பர், அதுல போட்டது. இதுலயும் அதே எழுத்து. எங்கம்மா வீட்டுலயும் இதுதான். இத்தனை வருஷம் நான் இருந்த ஏகாதசி ஒண்ணுகூட ஏகாதசி இல்ல."

"மன்னிச்சிடுங்க அக்கா."

"நீ எதுக்கு மன்னிப்பு கேக்கற? நீயா மாவு கலந்த?" தபாலம்மா குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு நாளா உன் மேல கோவம் இல்ல. பயம். பொண்ணுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு. அப்புறம் யோசிச்சேன். தானியம் சாப்பிட்டுக்கிட்டே இருந்திருக்கேன், குழந்தையும் நின்னிருக்கு. சாமி என் வயித்தைப் பாக்கலை போல."

"அப்ப நாளைக்கு நாற்பத்தெட்டு முடிஞ்சிடும்."

"எப்படி முடியும்? நாளைக்கு ஒண்ணு."

ஃபயர் அக்கா அவரையே பார்த்தார். சாமி வயிற்றைப் பார்க்கவில்லை என்று இப்போதுதான் சொன்னவர், அடுத்த மூச்சில் முதலிலிருந்து தொடங்குகிறார். இந்த இரண்டும் ஒரே தலைக்குள் எப்படி அடங்குகின்றன என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கேள்வியை விழுங்கினார்.

"காலைல ஏழு மணிக்கு ஊற வெச்சிடறேன்" என்றார்.

சும்மா விட்டுவிடுகிற ஆளா? சுத்தப் பெருங்காயம் என்று ஒன்று கிடைக்கத்தானே வேண்டும் என்று தேடினார். நாட்டு மருந்துக் கடையில், பிசின் மாதிரி, மாவே படாதது என்று கடைக்காரர் சத்தியம் செய்து ஒரு கட்டி கொடுத்தார். அதை அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்த மூன்று நாளும் மூன்றாம் தளத்துக் கோப்புகளெல்லாம் மணத்தன. எரிவாயு கசிகிறதா என்று இரண்டாம் தளத்துத் தீத்தடுப்புப் பொறுப்பாளர் படியேறி வந்து கேட்டுவிட்டுப் போனார். தபாலம்மா கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுத்துப் போட்டிருந்த டப்பாவையே நம்ப முடியவில்லை, எழுத்தே இல்லாத இதை எப்படி நம்புவது என்று கேட்டார். நியாயமாகப் பட்டது. கட்டி வீட்டுக்குப் போய், நாத்தனாரின் பொறுப்பில், அடுப்படியின் தூரத்து மூலைக்குப் போனது. உப்புமாவில் பெருங்காயத்துக்குப் பதில் இஞ்சியும் சீரகமும் இரட்டிப்பாயின. அதன் விளைவுகளை மதியத்துக்கு மேல் தளம் பொறுத்துக்கொண்டது.

மகளுக்கு நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டாம் சுற்றில் எட்டாவது ஏகாதசி முடிந்து நாலாவது நாள். அலுவலகம் முழுக்க இனிப்பு. இனி வேண்டுதலுக்கு என்ன வேலை என்று எல்லோரும் நினைத்தார்கள்; ஃபயர் அக்காவும் நினைத்தார். ஆனாலும் ஒன்பதாவது ஏகாதசியன்று காலை, எதற்கும் இருக்கட்டும் என்று ஊற வைத்துக்கொண்டு வந்திருந்தார். பன்னிரண்டரைக்குத் தபாலம்மா தட்டோடு வந்து நின்றார்.

"குழந்தைதான் வந்திடுச்சே அக்கா."

"வந்ததும் நிறுத்தினா அது வேண்டுதலா? பேரம். போடு, ஆறிடப் போகுது."

அப்போதும் ஃபயர் அக்காவுக்கு விரதத்தில் நம்பிக்கை வரவில்லை. பதினொரு மணிக்கு ஊறுகாயோடு சோற்று டப்பாவை முடிப்பதையும் அவர் விடவில்லை. ஆனால் பொருள் எது வாங்கினாலும் பின்பக்கத்தை முதலில் படித்தார். உப்புப் பொட்டலத்தைக்கூடப் படித்தார்.

தபாலம்மாவின் மகள் குழந்தையோடு கணவன் வீட்டுக்குத் திரும்பினாள். குழந்தை குப்புற விழுந்தது, தவழ்ந்தது, நின்றது, எதைக் கண்டாலும் வாயில் போட்டது. சூப்பிரண்டு சார் ஓய்வுபெற்றார். விடைபெறும்போதுகூட, தனக்கு எதுவும் தெரியாது என்ற முகத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. பழைய ஏழு பேரில் தபாலம்மா ஒருவர்தான் மிச்சம். ஒரு ஆளுக்காக ஒரு கைப்பிடி ஜவ்வரிசி, ஒரு உருளைக்கிழங்கு, ஒரு பச்சை மிளகாய்.

ஃபயர் அக்கா அதை முதல் ஏகாதசியிலிருந்து நாற்பத்தெட்டாவது வரை, பெருங்காயம் போடாமல், ஒரு முறைகூடக் கருக விடாமல் செய்து கொடுத்தார்.